சிபாப் மெஷின், காய்ந்த வாய், பல் சொத்தை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உறக்கத்தில் மூச்சு அடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் கருவிதான் சிபாப் மெஷின். அதை வைத்து உறங்கத் தொடங்கியவர்களிடம் முதல் மாதத்தில் பேசிப் பாருங்கள். குறட்டை நின்றுவிட்டது, நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை சாய்ந்து போவதில்லை என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அப்புறம், "ஆனா ராத்திரி வாய் காஞ்சு நாக்கு அண்ணாக்குல ஒட்டிக்கிடுது" என்பார்கள். மெஷின் கொடுத்தவரிடம் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்று பதில் வரும்.

பழகாது. வாய் காய்கிறது என்றால் காற்று எங்கேயோ தப்புகிறது, இல்லையென்றால் ஈரம் போதவில்லை. இரண்டையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும். அதைச் செய்யாமல் தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால், பாதிப்பு பல்லின் வேர்ப் பக்கத்தில் தெரியும். அது தெரிய வரும்போது செலவும் கூடியிருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாய் காய்கிறது என்று மெஷினை நிறுத்தாதீர்கள். மூச்சு நின்று நின்று வருவதால் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் வரும் கேடு பல் சொத்தையை விடப் பெரியது.

காரணம் என்ன

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் அப்னியா. மெஷின் காற்றை ஓர் அழுத்தத்தில் அனுப்பி அந்தப் பாதையைத் திறந்து வைக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் இந்தப் பிரஷர் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை இருக்கும். 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் இந்த முறையை வெளியிட்டபோதே காற்றை மூக்கு வழியாகத்தான் கொடுத்தார்கள். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பும் வேலையை உடம்பு மூக்கிடம்தான் கொடுத்திருக்கிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது.

உறக்கத்தில் தாடை தளர்ந்து வாய் திறந்தால், மூக்கு வழியாக வரும் காற்று நுரையீரலுக்குப் போகாமல் அண்ணாக்கைச் சுற்றி வாய் வழியாக வெளியே ஓடும். ஒருமுறை இருமுறை இல்லை, விடிய விடிய. ஏற்கெனவே இரவில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைவு. ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது என்றாலும், அதில் ஏறக்குறைய எல்லாமே விழித்திருக்கும் நேரத்துக்கு உரியது. மிச்சம் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் இந்தக் காற்று துடைத்துக்கொண்டு போய்விடும்.

உமிழ்நீர் வாயை நனைப்பதோடு நிற்பதில்லை. கிருமிகள் சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் அமிலத்தை அது அடக்குகிறது. பல்லிலிருந்து கரைந்து போன சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதற்கும் முன்பே கரையும். மெஷின் வைப்பவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஈறு இறங்கியவர்கள். அவர்களுக்குச் சொத்தை பல்லின் மேல்பரப்பில் வராமல் ஈறின் ஓரமாக, வரி போட்டதுபோல வரும். கண்ணாடியில் பார்த்தால் எளிதில் தெரியாத இடம் அது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்னியா உள்ளவர்களில் நிறையப் பேர் மெஷினுக்கு முன்பே வாயைத் திறந்துதான் உறங்கினார்கள். லீக், அதாவது காற்றுக் கசிவு, இல்லாமல் மெஷின் ஓடினால் அவர்களுக்குக் காலையில் வாய் காய்வது குறையும்.

முதல் வேலை: காலையில் எழுந்ததும் கவனிப்பது

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு சின்ன நோட்டில் எழுதினாலும் சரி.

வாய் மட்டும் காய்ந்திருக்கிறது, மூக்கு நன்றாக இருக்கிறது என்றால் காற்று வாய் வழியாகப் போகிறது. மூக்கும் தொண்டையும் சேர்ந்து காய்ந்து எரிந்தால் ஈரம் போதவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டு வாயும் காய்ந்தால் மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலையணையில் எச்சில் வழிந்திருந்தால், கன்னம் உப்பி 'புஸ்' என்ற சத்தத்தோடு நடுராத்திரியில் விழிப்பு வந்தால், அதுவும் வாய் லீக்தான். ஏப்பமும் வயிற்று உப்புசமும் சேர்ந்து வந்தால் பிரஷரைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். பகலிலும் வாய் காய்ந்தே இருக்கிறது, சோறு தண்ணீர் இல்லாமல் இறங்க மாட்டேன் என்கிறது என்றால், குற்றம் மெஷின் மேல் இல்லை. சர்க்கரை அளவைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள். அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் எல்லாம் வாயைக் காய வைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம்.

வீட்டில் கூட உறங்குபவரிடம் கேட்பதுதான் செலவில்லாத சோதனை. "ராத்திரி நான் வாயைத் திறந்துகிட்டா கெடக்கேன்?" என்று கேளுங்கள். உள்ளதைச் சொல்வார்கள்.

மெஷினும் கணக்கு வைத்திருக்கும். திரையிலோ செல்போன் செயலியிலோ 'லீக்' என்று ஓர் எண் வரும். ரெஸ்மெட் கம்பெனி மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிக லீக் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேறு கம்பெனி மெஷின்கள் சில, மாஸ்க்கில் வேண்டுமென்றே விட்டிருக்கும் துளை வழியாகப் போகும் காற்றையும் சேர்த்துக் காட்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மெஷினோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். உங்கள் எண் எந்த இரவில் ஏறுகிறது, எந்த இரவில் இறங்குகிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் முழுமுக மாஸ்க் போடுபவர்களுக்கு இந்த எண் ஏமாற்றும். அவர்களுக்கு வாய் மாஸ்க்குக்குள்ளேயே இருப்பதால், வாய் திறந்தாலும் லீக்காகக் கணக்கில் வராது. லீக் பூஜ்யம், வாய் மட்டும் காய்ந்து கிடக்கும். எண் நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கு

பலர் மாஸ்க்கை மாற்றுவதிலிருந்து தொடங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது தலைகீழ் வரிசை. மூக்கு அடைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் வாயை மூடி வைக்காது. உடம்புக்கு மூச்சு வேண்டும், அது வாயைத் திறந்துதான் தீரும்.

படுப்பதற்கு முன் ஒரு மூக்குத் துளையை விரலால் மூடி மற்றதில் மூச்சிழுத்துப் பாருங்கள். பிறகு மறுபக்கம். ஒரு பக்கம் எப்போதுமே அடைப்பு என்றால் மூக்குத் தண்டு வளைவாக இருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டும் மாறி மாறி அடைத்தால் அலர்ஜியாக இருக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் புகை, கயிறு திரிக்கும் இடத்துத் தூசி, மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சை, வருஷக்கணக்காக வெயில் காணாத பஞ்சு மெத்தை. மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடுவதும், தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுவதும் சிறிய வேலை, பலன் பெரிது.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நன்றாக வேலை செய்யும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதுவும் மூக்குக்குள் போகக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024, 2025-ல் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா நோய் பலருக்கு வந்தது. நமக்கும் அவர்களுக்கும் தண்ணீரும் தட்பவெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே அடித்த அன்றே பலன் தராது, சில நாள் முதல் சில வாரம் ஆகும். அடிக்கும்போது முனையை நடுத் தண்டை நோக்கி வைக்காமல் வெளிப்பக்கமாக, கண்ணின் ஓரத்தைப் பார்த்து வையுங்கள். நடுத் தண்டில் அடித்தால் இரத்தம் கசியலாம். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் அடைப்புத் திறக்கும் சொட்டு மருந்து, ஸைலோமெட்டாசோலின் வகை, உடனே திறந்துவிடும். அதனாலேயே ஆபத்து. மூன்று நாள், மிஞ்சிப் போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

ஈரம்: ஊருக்கு ஏற்றபடி

ஹியூமிடிஃபயர் என்பது மெஷினோடு வரும் சூடாகும் தண்ணீர்த் தொட்டி. சில கம்பெனி மெஷின்களில் 1 முதல் 8 வரை எண் இருக்கும், சிலவற்றில் 0 முதல் 5 வரை. இதை நீங்களே மாற்றலாம். பிரஷர் எண்ணைத்தான் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

"நம்ம ஊருல ஏற்கெனவே ஈரம், இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் சிறியது என்றாலும் காற்று ஒரே மாதிரி இல்லை. குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம் ராத்திரியில் சுவரில் கசியும். அங்கே எண்ணைக் கூட்டினால் டியூபுக்குள் தண்ணீர் கோத்து, 'களக் களக்' என்று சத்தம் கேட்டு, மூக்கில் சொட்டி எழுப்பிவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் கதை வேறு. முப்பந்தலில் காற்றாலை சுழல்வது அந்தக் காற்றில்தான். அது முகத்தில் படும் இரவில் தூசியும் வறட்சியும் சேர்ந்து வரும். ஜன்னலை மூடி எண்ணை ஒன்று கூட்டிவிட வேண்டும்.

ஏசி அறை எந்த ஊரில் இருந்தாலும் வறட்சிதான், ஏசியின் வேலையே காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது. 20-ல் வைத்துக் கம்பளி போர்த்துபவர்கள் 26-க்கு வந்து பாருங்கள். மின்விசிறிக் காற்று முகத்துக்கு நேராக விழுந்தாலும் உதடு காயும்.

எண்ணை ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். ஒரு படி கூட்டி இரண்டு மூன்று இரவு பார்த்து, பிறகு அடுத்த படி. தண்ணீர் கோத்தால் மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வான இடத்தில் வையுங்கள், டியூபுக்குத் துணி உறை போடுங்கள். சூடாகும் டியூப் கிடைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம்.

தொட்டியில் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சில நாளிலேயே தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை விலை குறைவு என்று வாங்காதீர்கள், அது மனிதர் சுவாசிக்கத் தயாரித்ததில்லை. டிஸ்டில்டு கிடைக்காத ஊரில் ஓரிரு நாள் சமாளிக்கக் கொதிக்க வைத்து ஆறிய ஆர்ஓ தண்ணீர் போதும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டு, தொட்டியை மிதமான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசினால் படிவு போகும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போவதையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஓட்டும் இரவில் மின்சாரத்தை அதிகம் தின்பது ஹியூமிடிஃபயரின் சூடும் டியூபின் சூடும்தான். சூட்டை அணைத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீரை மட்டும் வைத்தால், காற்று அதன் மேலாகப் போய்க் கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

வாயை மூடிவைப்பது

மூக்கும் ஈரமும் சரியான பிறகும் வாய் காய்ந்தால்தான் இந்தப் படி.

பகலில் ஓர் இருபது நிமிடம் மாஸ்க்கைப் போட்டு, மெஷினை ஓடவிட்டு, டிவி பார்த்தபடி உட்கார்ந்திருங்கள். உதடு சேர்ந்திருக்கட்டும். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால், 'ந' சொல்லும்போது தொடும் இடத்துக்குச் சற்று உள்ளே, அண்ணாக்கில் தங்கட்டும். நாக்கு அங்கே இருந்தால் காற்று வாய்க்குள் இறங்கும் வழி அடைபடும். உறக்கத்தில் நாக்கு நம் பேச்சைக் கேட்குமா என்றால், தினமும் பழக்கினால் பலருக்குக் கேட்கிறது.

மல்லாந்து படுத்தால் தாடை விழும். ஒருக்களித்துப் படுப்பது அப்னியாவுக்கும் நல்லது, வாய்க்கும் நல்லது. தலையணை உயரம் அதிகமாகித் தாடை நெஞ்சில் இடித்தாலும், தலை பின்னால் சாய்ந்தாலும் வாய் திறக்கும். ராத்திரி ஒரு பெக் போட்டுப் படுப்பவர்களுக்குத் தாடையும் தளரும், தொண்டையும் தளரும், வாயும் காயும். அதற்கு எந்த மாஸ்க்கும் மருந்தில்லை.

தாடைப்பட்டை பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். அது தாடையைத் தூக்கிப் பிடிக்கும், உதட்டை ஒட்டாது. இறுக்கிக் கட்டினால் தாடையைப் பின்னால் தள்ளி மூச்சுப் பாதையையே குறுக்கலாம். தளர்வாகக் கட்டி ஓரிரு வாரம் லீக் எண்ணைப் பாருங்கள். குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், குறையாவிட்டால் தூர எறியுங்கள்.

வாயில் டேப் ஒட்டும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. நம் ஊருக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. மூக்கு மாஸ்க் போட்டிருக்கும்போது மின்சாரம் போனால் நாம் வாயைத் திறந்துதான் மூச்சு விடுகிறோம். அந்த வாயை டேப் போட்டு அடைத்துவிட்டு உறங்குவது, அதுவும் மூக்கடைப்போ வாந்தி வரும் தொந்தரவோ உள்ளவர்கள், டாக்டர் சொல்லாமல் செய்யக் கூடாத காரியம்.

முழுமுக மாஸ்க் கடைசி வழி. மூக்கு வழியாக மூச்சு விடவே முடியாதவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு, வாய் உள்ளேயே திறந்து கிடந்து காய்வது தொடரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பிரஷர் தேவைக்கு மேல் இருந்தாலும் வாய் பிளக்கும். மெஷினின் பதிவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால், பிரஷரின் எல்லையை மாற்றுவதா, மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியைப் போடுவதா என்று அவர் பார்ப்பார்.

மாஸ்க் முகத்தில் ஒட்டாமல் போவதற்குத் தேங்காய் எண்ணெயும் ஒரு காரணம். படுக்கும் முன் முகத்தில் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், சிலிக்கோன் வழுக்கும். பட்டையை இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் மாஸ்க் மேலுதட்டை அழுத்தி முன்பற்களும் ஈறும் வலிக்கும். காலையில் மேல் முன்பல் வலித்தால் சொத்தை என்று பயப்படும் முன் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள்.

பல்லைக் காப்பது

லீக்கைச் சரிசெய்யச் சில வாரம் ஆகும். அதுவரை பல் காத்திருக்காது, முதல் இரவிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.

எங்கள் தாய்மாமா ஒருவர் தக்கலைப் பக்கம். மெஷின் வைத்து ஒரு வருடம் ஆகும்போது கீழ் முன்பற்கள் நான்கும் ஈறு ஓரத்தில் பழுப்பாக அரித்துப் போயிருந்தன. பல் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஒண்ணும் இல்லை" என்றே சொன்னார். வெளியே வந்தபின் நான், "மாமா, ராத்திரி வாய் காஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "என்ன செய்ய மக்களே, ரெண்டு கற்கண்டை நாக்குக்கு அடியில போட்டுக்கிட்டுப் படுப்பேன். சொகமா இருக்கும்" என்றார். சொகமாகத்தான் இருக்கும். உமிழ்நீர் இல்லாத வாயில், கீழ் முன்பற்களுக்குப் பின்னால், விடிய விடியச் சர்க்கரைப் பாகு.

கற்கண்டு, கருப்பட்டித் துண்டு, இருமல் மிட்டாய், தேன் கலந்த தண்ணீர் எல்லாமே இந்த வகைதான். படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால், ஒரு மட்டிப்பழம், இருமல் சிரப், இவையும் பல் தேய்ப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு வாயை ஊற வைக்கும், அதோடு எனாமலையும் கரைக்கும். கிராம்பைக் கன்னத்தில் அடக்கி உறங்கினால் தோல் எரிந்து புண்ணாகும். நடுராத்திரி விழித்தால் வெறும் தண்ணீர் ஒரு மடக்கு, வாயில் சுழற்றி விழுங்கினால் போதும்.

இரவுப் பல்தேய்ப்புதான் இதில் முக்கியம். நம்மில் பலருக்குக் காலையில் மட்டும் தேய்க்கும் வழக்கம். மெஷின் வைப்பவருக்கு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இரவில் தேய்ப்பதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். பேஸ்ட் டியூபின் பின்பக்கம் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட்கள் பலவற்றில் ஃபுளோரைடு இருக்காது. உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்ப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பாட்டிக்கு எண்பது வயதில் எல்லாப் பல்லும் இருந்தது உண்மைதான், ஆனால் பாட்டியின் வாயில் ராத்திரி முழுக்கக் காற்று ஓடவில்லை. உமிக்கரி சொரசொரப்பானது, ஈறு இறங்கிய வேரை அது ராவி எடுக்கும்.

மெல்லிய பிரஷ், ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். மேலே படியும் ஃபுளோரைடுதான் இரவில் காவல், கொப்பளித்தால் அது ஓடையோடு போய்விடும். முதல் சில நாள் வாயில் பேஸ்ட் ருசி தங்கும். பல்லிடுக்குக்கு நூல் அல்லது குட்டி பிரஷ்.

மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள், ஆல்கஹால் இன்னும் காய வைக்கும். உமிழ்நீருக்குப் பதிலாகப் பூசும் ஜெல், ஸ்பிரே மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். பிரஷ் செய்தபின் ஒரு பட்டாணி அளவு ஜெல்லை ஈறிலும் அண்ணாக்கிலும் தடவினால் சில மணி நேரம் தாங்கும். பகலில் சைலிட்டால் கலந்த சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். அது நாய்க்கு விஷம், வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். வெற்றிலை பாக்கு போட்டால் எச்சில் ஊறுகிறதே என்பவர்களுக்கு: பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம்.

பல் செட் போடுபவர்கள்

கழற்றிவிட்டு உறங்குவதுதான் ஈறுக்கு நல்லது. காய்ந்த வாயில் செட் இரவெல்லாம் இருந்தால் அடியில் பூஞ்சைப் புண் வரும். ஆனால் முழுச் செட்டைக் கழற்றினால் கன்னமும் உதடும் உள்ளே போய் முகத்தின் வடிவமே மாறும், பகலில் பல்லோடு அளவெடுத்த மாஸ்க் ராத்திரி லீக் அடிக்கும். எனவே மாஸ்க் அளவு பார்க்கும்போதே செட்டைக் கழற்றிவிட்டு, படுத்த நிலையில் பாருங்கள். கடையில் நாலு பேர் முன்னால் கழற்றக் கூச்சமாக இருந்தால் மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்துத் திருப்பித் தரலாமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பல் டாக்டரிடம் சொல்ல வேண்டியது

மெஷின் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒருமுறை போய், அன்றைய நிலையை எக்ஸ்ரேயோடு பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு வாய் காய்வது தொடரும்வரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி கைக்கெட்டும் தூரம்.

நாற்காலியில் சாய்ந்ததும், "எனக்கு ஸ்லீப் அப்னியா, ராத்திரி மெஷின் வைக்கிறேன், வாய் காயுது" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னால் அவர் ஈறு ஓரங்களைத் தனியாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார். அதில் 22,600 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கும், பேஸ்ட்டை விட இருபது மடங்குக்கும் மேல், ஆகவே வீட்டில் செய்யும் வேலை இல்லை. மயக்கம் கொடுத்துச் சிகிச்சை என்றால் அப்னியா இருப்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா, காலையில் மேல்பல்லும் கீழ்பல்லும் முன்போலச் சேர்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மூக்கு மாஸ்க்கை நெடுநாள் போடுபவர்களுக்கு மேல் முன்பற்கள் சிறிதளவு உள்வாங்குவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். மெஷினுக்குப் பதிலாகத் தாடையை முன்தள்ளும் கருவி வைப்பவர்களுக்குக் கடிப்பு மாறுவது இதைவிட அதிகம்.

நாக்கில் துடைத்தால் பெயர்ந்து வரும் வெள்ளைப் படிவும் எரிச்சலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கண்ணும் சேர்ந்து காய்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.

பல் பிடுங்க நாள் குறித்தால், "அன்னைக்கு ராத்திரி மெஷின் போடலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸ் அறைக்கு மிக அருகில் இருக்கும். பல் எடுத்த குழிக்கும் சைனஸுக்கும் இடையே துளை விழுந்திருந்தால், மெஷினின் காற்று அதை ஆற விடாது. அப்படிப்பட்ட நேரத்தில் எத்தனை நாள் நிறுத்துவது, அதுவரை தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுப்பது போதுமா என்பதைப் பல் டாக்டரும் ஸ்லீப் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். இருவருடைய போன் நம்பரையும் மெஷின் பையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.